மலை ரயில் திட்டமிடல் குழுவின் மகத்தான வெற்றி

மலைமீது ஏறியவர்கள் உலகத்தில் ஏராளம். இருந்த இடத்தைவிட்டு அசையாமல், பத்துக் கூட்டம் போட்டு, ஒரு மலையையே கோப்புக்குள் அடக்கியவர்கள் ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் ‘மலை ரயில் இன்பச் சுற்றுலாத் திட்டமிடல் குழு’வினர் மட்டுமே. அதன் செயலாளர் ராமமூர்த்தி என்கிற அடியேன். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவன். உல்லாசத்தை ஒப்படைக்க இப்படிப்பட்ட ஓர் ஆளைத் தேடிப்பிடித்த நிர்வாகத்தின் தொலைநோக்கை என்னவென்று சொல்வது!

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி திடீரென்று ஒரு கடிதம் அனுப்பியது. தொழிலாளர்களை வருடத்துக்கு ஒரு தடவையாவது ‘மகிழ்விக்க’ வேண்டுமாம்; மகிழ்ந்ததற்குச் சான்றும் வேண்டுமாம். எச்.ஆர். மேனேஜர் தேவசகாயம் சார் அன்றைக்கே முடிவெடுத்தார். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவிலுள்ள முந்நூற்று இருபது பெண்களையும் ஊட்டி மலை ரயிலில் ஏற்றிவிடுவது! குழுவுக்கு அவரே தலைவர். புரொடக்‌ஷன் மேனேஜர் செந்தில்குமார் உறுப்பினர். கம்ப்யூட்டரில் படம் காட்டுவதற்கு பிரிசில்லா. தொழிலாளர் பிரதிநிதி என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதால், பதினெட்டு வருடமாகத் தையல் மெஷினில் உட்காரும் பள்ளிகொண்டா சம்பூர்ணம். அவருக்கு நாற்காலி போடலாமா என்பதை முதலில் விவாதித்தோம். போடலாம் என்று ஏகமனதாக நிறைவேற்றினோம்.

உட்கார்ந்த கையோடு சம்பூர்ணம் பேசினார்.

“ஊட்டி எதுக்கு சார் அவ்ளோ தூரம்? இங்கயே ஏலகிரி இருக்குதே. ஆம்பூர்ல காலைல டிரெய்ன் ஏறுனா ஜோலார்பேட்டை. அங்கருந்து பஸ்ஸு. சுத்திப் பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வூட்டுக்கு வந்துடலாம்.”

தேவசகாயம் சார் புன்னகைத்தார். “பக்கத்துல இருக்கறதுக்குப் போய் யாராவது பிளான் பண்ணுவாங்களா சம்பூர்ணம்?”

“பிளான் எதுக்கு சார்? கிளம்புனா போச்சு.”

இந்த வாசகத்தை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் உத்தரவிட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் ஜன்னல் பிரச்சினை வெடித்தது.

“ஆளுங்க ஜாஸ்தி, ஜன்னல் கம்மி,” என்றார் செந்தில்குமார். ஷூ தைப்பதற்கு நொடிக்கணக்கு போட்டு வைத்திருப்பவர் அவர். “ஒரு ஆளுக்கு ஜன்னல்ல நாப்பது செகண்ட். பெல் அடிச்சா அடுத்த ஆளு. லைன்ல பீஸ் நகர்ற மாதிரி நகந்துனே இருக்கணும்.”

“நாப்பது செகண்ட்ல ஒண்ணும் தெரியலன்னா சார்?” என்று கேட்டார் சம்பூர்ணம்.

“ஓவர்டைம்ல பாக்கட்டும்.”

“வழியில பதினாறு குகை வருது சார்,” என்றாள் பிரிசில்லா, படத்தைக் காட்டியபடி.

“குகைக்குள்ள வேடிக்கை பாக்க முடியாது. வேஸ்ட் டைம். அத டீ பிரேக்கா வெச்சுக்கலாம்.”

“இருட்டுல எப்பிடி சார் டீ குடிக்கறது?” என்றார் சம்பூர்ணம்.

“இப்ப மட்டும் இன்னா, கப்ப பாத்துனா குடிக்கறீங்க? மெஷின பாத்துனுதான குடிக்கறீங்க?”

இந்த வாதத்தின் கூர்மையைச் சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

ஆறாவது கூட்டத்தில் வாந்தி விதிமுறைகள் இயற்றப்பட்டன. ஏழாவதும் எட்டாவதும், மேகம் வந்து மலையை மறைத்தால் அன்றைய மகிழ்ச்சியை முழு நாளாகக் கணக்கிடுவதா அரை நாளாகவா என்பதில் கழிந்தன. ஒன்பதாவது கூட்டத்தின் முடிவில், என் கையெழுத்துடன் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: ‘வரும் ஞாயிறு மலைச் சுற்றுலா. அனைவரும் காலை ஆறரை மணிக்கு ஆம்பூர் ரயில் நிலையத்தில் கூட வேண்டும். தாமதமாக வருபவர்கள் மகிழ்விக்கப்பட மாட்டார்கள்.’

அதற்குப் பிறகு தையல் பிரிவு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆம்பூர் வெயிலில் பெண்கள் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசினார்கள். செக்கிங் டேபிளில் நின்றே கால் வீங்கிப்போன அஜீஸுன்னிசா, வேலூரில் இருக்கும் தங்கையிடம் சால்வை கேட்டு வாங்கி வந்து எல்லோருக்கும் காட்டினார். “பிறந்ததுலருந்து மலைய கீழருந்துதான் சார் பாத்துனு இருக்கேன்,” என்று என்னிடம்கூடச் சொன்னார். சுற்றறிக்கையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவதற்கென்றே சிலர் நோட்டீஸ் போர்டு வழியாகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். தண்ணீர்க் குழாய் எதிர்த்திசையில் இருந்தது.

இந்த நேரத்தில்தான், டிக்கெட் எடுக்கவில்லை என்பது குழுவுக்கு நினைவு வந்தது. நாங்கள் மேகத்தை விவாதித்துக்கொண்டிருந்த நாட்களில் யாரோ அற்பர்கள், ஒரு தீர்மானம்கூட இல்லாமல், எல்லாச் சீட்டுகளையும் வாங்கிவிட்டிருந்தார்கள்.

பத்தாவது கூட்டம் கலங்கவில்லை. மலை ரயில் வீடியோ ஒன்றைக் கேன்டீன் சுவரில், சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் ஓட்டுவது என்று தீர்மானித்தோம். ஓட்டினோம். இரண்டு ஃபேன் குளிர்காற்றுக்கு. புகைக்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. கேன்டீன் அடுப்பே பார்த்துக்கொண்டது.

அதே நாளில், மகிழ்விக்கச் சொன்ன வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து இன்னொரு கடிதம்: சரக்கு அவசரம். ஆகவே ஞாயிறு வேலை நாள் என்று அறிவிப்பு ஒட்டினேன். சுற்றறிக்கையை ரத்து செய்ய வேண்டுமானால் பதினோராவது கூட்டம் கூட வேண்டும். அதற்குத் தலைவர் வேண்டும். தலைவரோ ‘தொழிலாளரின் புன்னகை’ என்ற கருத்தரங்குக்காகச் சென்னையில் இருந்தார். அதனால் இரண்டு காகிதமும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. இரண்டிலும் என் கையெழுத்து.

ஞாயிறு காலை மெஷின்கள் ஓட ஆரம்பித்தபோது நாற்பத்தொரு இடங்கள் காலி. சம்பூர்ணத்துக்குப் போன் போட்டேன்.

“எங்க இருக்கீங்க?”

“சர்க்குலர்ல போட்ட எடத்துலதான் சார். ஆறரைக்கே வந்துட்டோம். உங்களத்தான் காணோம்.”

“டூர் கேன்சல்மா!”

“எழுத்துல வரலியே சார்.”

“ஊட்டி டிரெய்ன் இங்கருந்து கிளம்பாதும்மா!”

“ஊட்டின்னு சர்க்குலர்ல எங்க சார் இருக்குது? மலைன்னுதான் போட்டிருக்கீங்க. இரு இரு, அஜீஸு, படி ஒசரம், கையக் குடு… டிரெய்ன் வந்துடுச்சு சார். வெச்சுடறேன்.”

சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மலை என்றுதான் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை விசாரணை. நாற்பத்தொரு பேர் சார்பாகவும் சம்பூர்ணம் ஒருவரே நின்றார். இந்த முறை நாற்காலி பற்றிய விவாதம் எழவில்லை.

“யாரக் கேட்டுப் போனீங்க?” என்றார் தேவசகாயம் சார்.

“நீங்கதான் சார் கூப்ட்டீங்க.”

“மேல போய் இன்னா பண்ணீங்க?” இது செந்தில்குமார்.

“ஏரிக்கரைல ஒக்காந்துனு இருந்தோம் சார்.”

“அப்புறம்?”

“அப்புறமும் ஒக்காந்துனுதான் இருந்தோம். அஜீஸுன்னிசா குஸ்கா எடுத்தாந்திருந்தாங்க. துன்னுட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்தோம்.”

“எவ்ளோ நேரம்?”

“மூணு மணி நேரம் இருக்கும் சார். யாரும் பெல் அடிக்கல.”

செந்தில்குமார் கணக்கு போட்டார். நூற்று இருபத்து மூன்று மனித மணி நேரம், ஒரு ஜோடிகூடத் தைக்கப்படாமல், ஒரு ஏரியின் கரையில் வீணடிக்கப்பட்டிருந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

சாட்சியாக, அஜீஸுன்னிசா வாட்ஸப்பில் போட்டிருந்த படத்தைக் கோப்பில் சேர்த்தோம். ஏரிக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். நடுவில் சம்பூர்ணம். கண் இடுங்கி, வாய் திறந்து, யாரோ எதையோ சொல்லி முடிப்பதற்குள் வெடித்துச் சிரித்துவிட்ட சிரிப்பு. பதினெட்டு வருடமாக அவருக்கு வருகைப் பதிவு போடுகிறேன். அவருக்கு இத்தனை பற்கள் இருப்பது எனக்குத் தெரியாது.

தீர்ப்பு கருணையோடு எழுதப்பட்டது. நாற்பத்தொரு பேரையும் நிறுத்தினால் சரக்கு போகாது. ஆகவே சம்பூர்ணத்துக்கு மட்டும் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அதுவும் சரக்கு லாரி ஏறிய மறுநாளிலிருந்து. அதுவரை ‘மனம் தளராமல் முழு உற்சாகத்துடன்’ பணியாற்றும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். கடிதத்தை நான்தான் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பேஜார்தான் சார்,” என்றார். “ஆனா எங்கூட வந்தவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க. அஜீஸுக்கு இந்த வேலய விட்டா வேற இல்ல.”

சரி என்றேன். என் கையில் எதுவும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

லாரி கிளம்பிய மறுநாள், மகிழ்ச்சிக்குச் சான்று கேட்டு வெளிநாட்டுக் கம்பெனியின் பிரதிநிதி வந்தார். பத்துக் கூட்டங்களின் குறிப்பைப் புரட்டிப் பார்த்து வியந்தார். “படம் இருக்கிறதா?” என்றார்.

இருந்தது, விசாரணைக் கோப்பில். பிரிசில்லா அதை முந்தைய நாளே மெருகேற்றி வைத்திருந்தாள். ஏலகிரி வானத்தில் கம்பெனி பேனர் தொங்கியது. முந்நூற்று இருபது பேரைக் காட்ட வேண்டும் என்று செந்தில்குமார் சொன்னதால், ஒவ்வொருவரையும் பல தடவை ஒட்டியிருந்தாள்; அஜீஸுன்னிசா மட்டும் ஏழு இடத்தில் நின்று சிரித்தார். பிரதிநிதி நெகிழ்ந்து போனார். ‘சிறந்த தொழிலாளர் நலன்’ சான்றிதழை அங்கேயே வழங்கினார். குழுவினர் கை தட்டினோம். படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினோம்.

ஒரு சிறு அலுவலக வேலை மட்டும் பாக்கி. சஸ்பென்ஷனில் இருப்பவர் உள்ளே நுழைந்துவிடாதபடி வாசல் கேட்டுக்குப் புகைப்படம் கொடுக்க வேண்டும். எங்களிடமிருந்த சம்பூர்ணத்தின் பழைய படம் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது. அடையாளம் தெரியாமல் மங்கிவிட்டது. அதனால் ஏரிக்கரைப் படத்திலிருந்தே அவர் முகத்தைக் கத்தரித்து, ‘அனுமதிக்கக் கூடாதவர்’ என்று கீழே எழுதி, காவலாளி ஜோசுவாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜோசுவா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா சார் இது? உள்ள வுடக்கூடாதுன்றீங்க. இந்தம்மா இவ்ளோ சந்தோஷமா இருக்காங்க?”

“அதான்பா குற்றச்சாட்டே,” என்றேன்.