கும்பகோணம் வழியாக வந்த விமானம்

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை நம்பி யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. அனுபவித்துச் சொல்கிறேன். அந்த நூறு வாங்கிய மேதாவி நானேதான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்ச காலம் முன்பு, மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்த என் அண்ணாவைக் கொழும்புக்கு மாற்றினார்கள். ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியம் செய்துகொண்டிருந்த அப்பா, "சமுத்திரம் தாண்டறவன் இந்த வாசப்படி மிதிக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். அண்ணாவும் ரோஷக்காரர். வீட்டுக்கு வராமலே விமானத்தில் கிளம்பினார். ஆனால் விமானம் திருச்சியில் சற்று நேரம் இறங்கிப் போகும். அங்கே அழைத்து வந்தால் அம்மாவைப் பார்த்துவிடலாம் என்று எனக்கு எழுதியிருந்தார். காலை ஆறு மணிக்கு மெட்ராஸில் புறப்பாடு. திருச்சிக்கு எப்போது வரும் என்பதை எழுத மறந்துவிட்டார்.

"தபாலாபீஸ்ல கேளேண்டா, தபால் மூட்டையும் அதுலதானே வரது" என்றாள் அம்மா.

பி.ஏ. கணக்குப் படிக்கிறவன் தபாலாபீஸில் போய்க் கேட்பதா? (திமிர், வேறென்ன!) ரயில்வே கைடை எடுத்தேன். மெட்ராஸிலிருந்து திருச்சி வரைக்குமான மைல் கணக்கைப் பார்த்து, விமானத்தின் வேகத்தால் வகுத்தேன். வழியில் மூச்சு வாங்க என்று கொஞ்சம் நேரம் சேர்த்தும் கொண்டேன். அவசரமே இல்லை என்று அம்மாவுக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

அப்பா கோயிலுக்குப் போனதும் அம்மா அக்காரவடிசில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு குதிரைவண்டியில் ஏறினாள். குதிரையை விரட்ட வேண்டாம், மெதுவாகப் போகலாம் என்று வண்டிக்காரரிடமும் சொல்லிவைத்தேன். மன்னார்புரம் தாண்டும்போது தலைக்கு மேல் பெரிய இரைச்சல். ஒரு விமானம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது.

"டேய், அதுதாண்டா!"

"அது வேற ஏதோம்மா. நம்மளது இப்பத்தான் கும்பகோணம் தாண்டியிருக்கும்."

"கும்பகோணத்துல அதுக்கு என்னடா வேலை?"

"மெட்ராஸ்லேர்ந்து நாம எப்பவும் அந்த வழியாத்தானே வரோம்?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டா, ஆகாசத்துலயும் தண்டவாளம் போட்டிருக்காளா?"

என் பி.ஏ. முழுவதும் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. ரயில் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு வருகிறது. விமானம் நேரே வந்துவிடுகிறது. (சிலேட்டுப் பிடிக்கும் குழந்தைக்குத் தெரியும்.) "வேகமா ஓட்டுங்க!" என்று கத்தினேன்.

"மெதுவாப் போகச் சொன்னீங்களே சாமி?" என்றார் வண்டிக்காரர்.

விமான மைதானத்து வாசலில் நாங்கள் இறங்கியபோது விமானம் மறுபடி எழும்பிவிட்டது. அம்மா தூக்கைக் கீழே வைக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, "க்ஷேமமா போயிட்டு வாடா" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

வாசல் காவல்காரர் வந்தார். "ஸ்ரீரங்கத்து அம்மாவாங்க? ஒரு ஐயா இந்தக் கம்பிகிட்டயே நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தாருங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்புறந்தான் ஏறினாரு."

அக்காரவடிசிலை அம்மா அவருக்கும் வண்டிக்காரருக்கும் கொடுத்துவிட்டாள். எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று முதல் நான் எங்கே தாமதமாகப் போனாலும், "கும்பகோணம் வழியா வந்தியோ?" என்பதுதான் வரவேற்பு. ஆரம்பித்து வைத்தது அம்மாதான். அப்புறம் அப்பா, என் மனைவி, இப்போது பேரன்வரைக்கும் வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ரோஷமும் யுத்தமுமாக வருஷங்கள் ஓடின. அண்ணா ஊர் திரும்பியபோது அப்பாவே வாசலில் நின்று உள்ளே அழைத்தார். அம்மாதான் இல்லை. வீட்டில் அந்தக் கும்பகோணம் கேள்வியை இதுவரை என்னிடம் கேட்காதவர் அண்ணா ஒருவர்தான்.