ஒரு போத்தல், ஒன்பது காம்பரா

தண்ணீரைத் துளியும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரைத் தேடிப் பிடித்து எங்கள் தோட்டம் தண்ணீருக்கே காவல் வைத்திருந்தது. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் இலங்கை மலைநாட்டில், எங்கள் பூண்டுலோயாப் பக்கம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் போத்தல்காரர்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராகச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆகவே இதில் ஏதாவது மிகையாகத் தெரிந்தால் அது அவருடையது, என்னுடையதல்ல.

தோட்டத்தின் நடுவே ஓர் ஓடையை மறித்து மண்ணால் கட்டிய சிறிய அணை இருந்தது. உயரம் பதினாறு அடி. அங்கே தேங்கும் தண்ணீர் இரும்புக் குழாயில் இறங்கி, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையின் சக்கரத்தைச் சுற்றும். அணைக்கு நேர் கீழே பள்ளத்தில் ஒரு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். அணை போனால் லயம் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதை நினைப்பதில்லை. போத்தல்காரர் எல்லோருக்கும் சேர்த்து நினைத்தார்.

முதல் நாள் காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, கையில் சாராயப் போத்தலோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். வயது ஐம்பது இருக்கும். தலையில் கறுப்புக் கம்பளி.

"நேத்து மாதிரிங்க, கிளாக்கர் ஐயா" என்றார்.

நேற்றும் குடித்திருந்தார் போலும் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த கங்காணிதான் விளக்கினார். போத்தலில் இருப்பது அணையின் அடியிலிருந்து கசியும் தண்ணீர். அவர் வாயில் சாராயம் பட்டதே கிடையாது. நான் இதைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

எழுதினேன். மறுநாளும் "நேத்து மாதிரி". மூன்று மாதம் எழுதிய பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எந்த நேற்று மாதிரி? பழைய புத்தகங்களை எடுத்து முதல் நேற்றைத் தேடிப் பின்னோக்கிப் போனேன். ஏழு புத்தகம் தாண்டி வந்த முதல் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

"அணை ஒழுகுதுன்னா மராமத்து செய்ய வேண்டாமா?" என்று அவரிடமே கேட்டேன்.

"மண் அணை ஒழுகத்தாங்க செய்யும். மனுசனுக்கு வேர்க்கிறதில்லையா? எப்பவும் போல ஒழுகினா ஒண்ணுமில்ல. கூடினாலும் கலங்கினாலும்தான் வியாதி."

அளப்பது எப்படி என்று பார்க்க ஒரு காலை அவரோடு போனேன். அணையின் கீழ்ப்புறத்தில் ஈரப்புல்லுக்கு நடுவே மூங்கில் குழாய் செருகியிருந்தார். அதன் வாயில் போத்தலை வைத்துவிட்டு, ஜெபம் போல எதையோ முணுமுணுக்கத் தொடங்கினார். அவரிடம் கடிகாரம் கிடையாது. லயத்து ஆட்களின் பெயரை முதல் காம்பராவிலிருந்து வரிசையாகச் சொல்வார். ஒன்பதாம் காம்பரா மருதையின் பெயரில் போத்தல் நிறைந்தால் அணை சுகம்.

அதற்குள் என் காலில் நான்கு அட்டைகள் ஏறிவிட்டன. மருதையின் பெயர் வந்ததும் கிளம்பிவிட்டேன். ஆனால் கணக்கு உறுத்தியது. மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"புதுசா புள்ளை பிறந்தா கணக்கு மாறாதா?"

"அதுங்க பேரு பன்னெண்டாம் காம்பராவுக்குப் பொறவு வரும்ங்க."

"செத்தவங்க?"

"விட மாட்டேன். விட்டா போத்தல் கொறையுமே."

"ஒன்பதிலேயே போத்தல் நிறைஞ்சிடுது. அப்புறம் எதுக்கு மிச்சப் பேர்?"

"போத்தல் நிறைஞ்சிருச்சுன்னு மிச்ச ஆளுங்களை விட்டுற முடியுங்களா?"

லயத்துக்காரர்கள் இதை ரசிக்கவில்லை. நான்காம் காம்பரா செல்லம்மா ஒரு நாள் அவர் பாதையை மறித்தாள்.

"ஏய்யா, விடியக்காத்தால எங்க பேரைச் சொல்லித் தண்ணி புடிக்கிறியே, செய்வினை வைக்கிறியா?"

"ஒனக்கு வைக்கிறதுன்னா ஒன் பேரு மட்டும் போதாதா? எதுக்கு ஊருக்கே தொண்டை வத்தக் கத்துறேன்?"

"என் பேரை எத்தனாவதா சொல்ற?"

"இருவத்தி மூணாவதா."

"முன்னாடி சொன்னா கொறைஞ்சா போயிருவ?"

அவர் குடியிருந்தது அதே லயத்தில், அணைக்கு மிக அருகிலிருந்த முதல் காம்பராவில். மேட்டு லயத்தில் இடம் கொடுத்தும் போகவில்லை. "கெடுதி வந்தா எனக்குத்தானேங்க முதல்ல தெரியணும்?"

அணையில் புல்லைத் தவிர எது முளைத்தாலும் அவருக்குப் பகை. எலி வளை தோண்டினால் அன்று முழுவதும் எலியோடு போர். தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, ஆசைப்பட்டு அணைக்கரையில் முப்பது பூச்செடி நட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது முப்பதும் பங்களாத் தோட்டத்தில் அதே வரிசையில் நின்றன. துரை கர்ஜித்தார். போத்தல்காரர் அணையின் நடுவிலிருந்த அடிமரத்தைக் காட்டினார். நான் வருவதற்கு முன்பு, ஸ்டோர் விறகுக்காக வெட்டிய பெரிய யூக்கலிப்டஸ் மரம் அது.

"மரம் உசுரோட இருந்தா வேர் மண்ணைப் புடிச்சுக்கும். செத்தா வேர் மக்கித் தண்ணிக்கு வழி விட்டுரும். இன்னும் முப்பது வழி வேணுங்களா, துரை?"

அந்த வருடம் சித்திரை மழையில் கொழுந்து குவிந்தது. ஸ்டோர் ஓயாமல் ஓடியது. ஒரு காலை போத்தல்காரர் என் முன்னால் வந்து நின்று, போத்தலைக் கீழே வைத்தார். பிறகு, "எட்டாம் காம்பராங்க" என்றார்.

அந்த வாரமே ஏழானது. தண்ணீரும் லேசாகப் பழுப்பேறியது. துரையிடம் கொண்டுபோனோம். ஸ்டோரை நிறுத்துவதா, இந்தக் கொழுந்து நேரத்திலா? வேண்டுமானால் ஒரு எஞ்சினியரைக் கூப்பிடலாம் என்றார்.

எஞ்சினியர் காலில் பளபளக்கும் சப்பாத்தோடு வந்து அணையின் மேலே நடந்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், புல்லைப் பாராட்டினார்.

"ஐயா, கீழே ஒருக்கா இறங்கிப் பாருங்க."

எஞ்சினியர் எட்டிப் பார்த்தார். புல் நுனிகளில் அட்டைகள் எழுந்து நின்று அவரை வரவேற்றன. "இங்கேயிருந்தே தெரியுது" என்றார். 'கீழ்ப்புறம் பார்க்கப்பட்டது, நலம்' என்று எழுதிவிட்டுப் போனார்.

போத்தல்காரர் ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் போய், தேயிலையைச் சுவை பார்க்கும் வெள்ளைக் கோப்பைகள் ஏழு இரவல் கேட்டார். நிறம் தெரிய வெள்ளைக் கோப்பையும், வெயில் நேரே விழாத வடக்கு ஜன்னலும்தானே வேண்டும்? வாரம் முழுவதும் எடுத்துவைத்த தண்ணீரை, ஒவ்வொரு போத்தலையும் குலுக்கி, நாள் வரிசையில் ஊற்றி, சுவை பார்க்கும் மேசையிலேயே வைத்தார். நான் அதை வந்து பார்த்துச் சாட்சி எழுத வேண்டுமாம்.

அன்று பார்த்து, கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட வரும் பெரிய துரை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். டீமேக்கர் கோட்டு மாட்டப் போயிருந்தார். வரிசையாகக் கோப்பையைக் கண்டால் தேயிலைக்காரரின் கை சும்மா இருக்காது. நாங்கள் உள்ளே நுழைவதற்குள் பெரிய துரை கரண்டியை எடுத்து உறிஞ்சத் தொடங்கியிருந்தார்.

"என்னா இது? தண்ணி!" துப்பினார். "இதுவும் தண்ணி!" ஏழாவதை நாக்கில் புரட்டினார், முகம் கோணியது. "மண்! முழுக்க மண்! எந்த மலைக் கொழுந்து இது?"

எங்கள் துரையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. போத்தல்காரர் கம்பளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கொழுந்து இல்லைங்க, துரை. அணைங்க. அதே மண்ணைத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேங்க."

பெரிய துரை கோபிக்கவில்லை. ஆயுள் முழுவதும் கோப்பைகளை நம்பியே வாழ்ந்தவர். குனிந்து ஏழு கோப்பையையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மறுபடி பார்த்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சாயல் பழுப்பேறியிருந்தது. "வா, அணைக்கு" என்று எங்கள் துரையிடம் கதவைக் காட்டினார். இரண்டு துரைமாரும் அட்டைக்கு நடுவே இறங்கினார்கள்.

ஸ்டோர் நின்றது. லயத்து ஆட்கள் அன்றே ஸ்டோரின் மேலே கொழுந்து வாட்டும் மாடிக்குக் குடியேறினார்கள். போத்தல்காரர் அதே பட்டியலைச் சொல்லி ஆள் எண்ணினார். துரை மதகை முழுக்கத் திறக்கச் சொன்னபோது இவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "மெதுவாங்க! தண்ணி சட்டுனு இறங்கினா நனைஞ்ச கரை சரிஞ்சிரும்." குளம் வடிய மூன்று நாள் ஆயிற்று. அடிமரத்தைத் தோண்டியபோது மக்கிய வேர் இருந்த இடத்தில் ஒரு பொந்து. கையை விட்டேன், தோள் வரை போயிற்று.

களிமண்ணைப் படிப்படியாகக் கொட்டி இடித்து அடைத்தார்கள். குளம் மறுபடி நிரம்பிய பிறகு ஒரு காலை வந்து நின்றார். "மருதைங்க" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

சில வருடம் கழித்து வலப்பனையிலிருக்கும் மகளோடு இருக்கப் போனார். போகும் நாள் காலையில் அவரோடு அணைக்கடிக்கு இறங்கினேன். அட்டைகள் ஏறின, இந்த முறை பாதியில் கிளம்பவில்லை. மருதையில் போத்தல் நிறைந்து வழிந்தது. அவர் நிறுத்தவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு புதிதாகப் பிறந்த குழந்தைகள், ஒவ்வொன்றாக. கடைசிக் குழந்தைக்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கிளாக்கர் ஐயா" என்றார்.

"என்னங்க?" என்றேன்.

"கூப்பிடலீங்க. கணக்குங்க."

என் குவார்ட்டர்ஸ் அணைக்கு மேலே, அரை மைல் தள்ளி மேட்டில் இருந்தது. எந்த வெள்ளமும் அங்கே ஏறாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.