போஸ்டரில் இருந்த சாட்சி

உயிரோடு இருந்த ஒரு மனிதரைப் பேய் என்று நினைத்து நான் தலைதெறிக்க ஓடியிருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், முப்பத்தாறு வயதில் (வேட்டி வேறு பாதியில் அவிழ்ந்துவிட்டது).

வரதராஜன்பேட்டையில் என் தாய்மாமா இறந்தபோது, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை எனக்குத்தான் எழுதி வைத்திருந்தார். கலெக்டர் பதவியே கிடைத்ததுபோல நடந்துகொண்டேன். கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்ட மகள் மேரி அக்காவுக்குத்தான் வீடு. அக்காவின் அண்ணனோ உயிலே பொய் என்றார். உயில் உண்மைதான் என்று கோர்ட்டில் புரொபேட் உத்தரவு வாங்காவிட்டால் அக்கா தெருவில்தான்.

அரியலூர் வக்கீல் தெளிவாகச் சொன்னார்: "சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் கோர்ட்டுக்கு வரணும். பாக்கப் போறப்ப ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஒரிஜினல் வீட்லயே பத்திரமா இருக்கட்டும்."

ஒரு சாட்சி ஏற்கெனவே கல்லறையில் இருந்தார். மிச்சம் ஆண்டிமடத்துக்கு அப்பால் முந்திரிக்காட்டு ஓரம் குடியிருந்த சூசை வாத்தியார். நான் ஒரிஜினலையே எடுத்துக்கொண்டு போனேன் (ஜெராக்ஸோடு போனால் பதவிக்கு என்ன மரியாதை?).

உச்சிவெயிலில் ஒரு இலைகூட அசையவில்லை. நான் வழி கேட்ட பெண், "சூசை வாத்தியார் வூடா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள். வீட்டு வாசலில் வாடிய மாலைகள் கிடந்தன. உள்ளே வெள்ளை வேட்டியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. பத்து நாளா எங்கிட்ட யாரும் பேசறதே இல்ல."

"ஏன் சார்?"

"என்னப் பாத்தாலே ஒதுங்கிப் போறாங்க. டீக்கடைக்குப் போனா, கடைக்காரரு கிளாஸக் கீழ போட்டுட்டாரு."

உயிலை நீட்டினேன். கையெழுத்தை விரலால் தடவினார்.

"என்னோடதுதான். ஆனா நான் வந்து நின்னா ஜட்ஜு நம்புவாரா?" என்று மெல்லச் சிரித்தார். நான் வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இருங்க, தண்ணி கொண்டாரேன்."

அவர் உள்ளே போனதும் வாசலுக்கு எதிரே மோட்டார் கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதே முகம், அதே கண்ணாடி, அதே சிரிப்பு.

செருப்பு, பை, உயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினேன். "தம்பீ... உயிலு..." என்ற குரல் மரங்களுக்குள் வெகுதூரம் பின்னாலேயே வந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அக்காவின் வீட்டையே தொலைத்துவிட்டு வந்திருப்பது உறைத்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் அவரே வந்து நின்றார், கையில் என் செருப்போடும் உயிலோடும்.

"செத்தது எங்கண்ணன், தம்பி. அவரு மருமவன், ஒரு கல்யாண போட்டோலேருந்து போஸ்டருக்கு வெட்டி அனுப்பறப்ப ஆள மாத்திட்டான். போஸ்டர்ல ஏறின மூஞ்சி எதுர வந்தா ஆவாதுன்னு ஊரே ஒதுங்குது. கிழிக்கலாம்னா கீழ இருக்கறது அண்ணன் பேரு. மனசு வரல."

அந்தப் பேரைத்தான் நான் படிக்கவே இல்லை.

எதிர்த்தரப்பு அதே போஸ்டரைக் கோர்ட்டில் காட்டி, சாட்சி இறந்துவிட்டார் என்றது. கூண்டில் ஏறிய வாத்தியார், "படத்துல இருக்கறது நான்தான்ங்க. ஆனா சாவல" என்றார். வீடு அக்காவுக்கு வந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு எந்தச் சாவுச் செய்தி வந்தாலும் அக்கா என்னிடம், "கீழ இருக்கற பேரப் படிச்சியாடா?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் ஆண்டிமடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். சுவரில் அதே முகம், அதே கண்ணாடி, அதே சிரிப்பு. இந்தமுறை ஓடவில்லை. அண்ணன் பேராக இருக்கக்கூடாதா என்ற ஆசையில், கீழே இருந்த பேரை மூன்று தடவை படித்தேன்.