மருமகன் விழுந்த இடம்

காதலுக்காகப் பொய்யே சொல்லாத ஆண்மகன் எங்காவது இருந்தால் அவரை நான் வணங்குகிறேன். ஆனால் விழுந்து வணங்கமாட்டேன். ஒருமுறை விழுந்து பட்டது போதும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. லண்டன் இல்ஃபோர்டில் வீடு வீடாகப் போய் வெந்நீர்ப் பொயிலர் திருத்துகிற வேலை. துளசியைக் கலியாணம் செய்ய விரும்பினேன், அவளுக்கும் சம்மதம். சம்மதிக்க மிச்சம் இருந்தவர், நகரின் மறுகோடியில் சட்டன் என்ற இடத்தில் இருந்த அவளுடைய அப்பா. எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்த மனிதர், படிப்போடு ரொக் இசைப் பைத்தியத்தையும் பிடித்துக்கொண்டார். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். அதிலும் ஒரு தட்டு முழுவதையும் ஒரே பாட்டு அடைத்துக்கொள்ளும் வகைதான் அவருக்கு உயிர். முன்பக்கம் இருபது நிமிடம், திருப்பிப் போட்டால் இன்னொரு இருபது, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு. (எங்கள் வீட்டில் ஐந்து நிமிடப் பாட்டையே இரண்டாவது சரணத்தில் நிறுத்திவிடுவோம்.)

எனக்கும் அந்த இசை என்றால் உயிர், தட்டெல்லாம் மனப்பாடம் என்று துளசி மூலம் சொல்லியனுப்பினேன். மனிதர் மகிழ்ந்துபோய் ஞாயிறு மத்தியானமே வரச்சொல்லிவிட்டார். வாசலில் வைத்துத் துளசி படித்துப் படித்துச் சொன்னாள்.

"பாட்டு முடியுமட்டும் வாயைத் திறக்காதேங்கோ. முடிஞ்சவுடன அப்பா நல்லா இளகிப்போய் இருப்பார். அப்ப கேளுங்கோ."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். புதுக் காலுறை, மினுக்கிய பழைய பலகைத் தரை. துளசியின் அப்பாவை நான் அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். அங்கிள் தட்டைத் துடைத்து, ஊசியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். முதல் நான்கு நிமிடம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு மேளம் வந்தது, கிற்றார் வந்தது, தாளம் ஏழு எண்ணிக்கையில் போய் ஐந்தில் திரும்பியது. ரசிகன் என்று காட்ட நான் ஆட்டிய தலை மட்டும் நாலு எண்ணிக்கையிலேயே ஆடியது. பாடுகிறவர் மட்டும் வரவில்லை. அவரும் என்னைப்போல் எப்போது வாய் திறப்பது என்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

பதினைந்தாவது நிமிடம் அளவில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றன. ஓர்கன் மட்டும் மெல்ல இழுபட்டு, அதுவும் அடங்கியது. அங்கிளின் கண்ணோரம் ஈரம். பாட்டு முடிந்துவிட்டது, மனிதர் இளகிவிட்டார், இதுதான் நேரம் என்று முடிவு செய்தேன்.

வாயால் கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். எங்கள் ஆட்கள் கலியாண வீட்டைத் தவிர லேசில் ஒருவர் காலிலும் விழுவதில்லை. எனக்குத் தமிழ்ப் படம் பார்த்துப் பிடித்த வியாதி. எழுந்து, அவர் காலைத் தொடக் குனிந்தேன். காலுறை வழுக்கியது. எண்பத்தைந்து கிலோவும் பலகையில் விழுந்தன. தரை அதிர, ஊசி துள்ளி, தட்டைக் கீறிக்கொண்டு ஓடியது.

அங்கிள் முதலில் ஊசியைத் தூக்கினார். பிறகு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

"தம்பி, பாட்டு முடியேல்லை. உது நடுவில வாற அமைதி. உமக்கு இந்தத் தட்டு பாடம் எண்டெல்லோ துளசி சொன்னவள்?"

"பொய் அங்கிள்" என்றேன், குப்புறக் கிடந்தபடியே. "எனக்கு இந்தப் பாட்டெல்லாம் ஒண்டும் தெரியாது. துளசியைக் கட்டித் தரக் கேட்க வந்தனான்."

குசினிக்குள் சமையலில் நின்ற துளசியும் அவளுடைய அம்மாவும் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்கு எழும்பவே மனமில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எழும்பி இரும்" என்றார் அங்கிள். "மற்றப் பக்கமும் இருக்கு. கேட்டிட்டுக் கதைப்பம்."

அடிபட்ட முழங்காலில், ஐஸுக்குப் பதிலாக, உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு மிச்சம் முழுவதையும் கேட்டேன். கடைசியில் உண்மையாகவே முடிந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தேன்.

"எப்பிடி இருந்தது?"

"உண்மையைச் சொன்னா, சரியான நீளம், அங்கிள்."

மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். "நோவோடயும் முழுக்க இருந்து கேட்டீர். துளசியோட குடும்பம் நடத்த உந்தப் பொறுமை போதும்."

புதுத் தட்டு வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன், மாமாவாகிவிட்ட அங்கிள் விடவில்லை. இன்றைக்கும் ஞாயிறுகளில் அந்தக் கீறல் விழுந்த தட்டைத்தான் போடுகிறார். அந்த அமைதி வந்ததும் "டக், டக், டக்" என்று கேட்கும். உடனே எல்லாரும், "மருமகன் விழுந்திட்டார்!" என்பார்கள்.

போன மாதம் காரில், ஒரு ஆசையில், அதே பாட்டைத் தொலைபேசியில் தேடிப் போட்டேன். சுத்தமான ஒலி. அமைதி வந்தது, போனது. பின்னால் இருந்த என் எட்டு வயது மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, இது பிழையான பாட்டு. நீங்கள் விழவே இல்லை."