ஸ்கேல் சாரின் ஒன்பது குழி

ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை மட்டும் நம்பி முழு ஆயுளையும் ஓட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான், அவர் புதுச்சேரி முதலியார்பேட்டையில்தான் இருந்தார் என்று நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். பொதுப்பணித் துறையில் கட்டட வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் ஸ்கேல் போகவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அது எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். தெருவே அவரை ஸ்கேல் சார் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயரைக் கரண்ட் பில்லில் ஒருமுறை பார்த்தேன். யாரோ வேற்று ஆள் போல இருந்தது, மறந்துவிட்டேன்.

முனை டீக்கடையில் வடை வாங்கினால் கடிப்பதற்கு முன் அளப்பார்.

"ஏம்ப்பா, நேத்து ரெண்டே கால் இஞ்ச் இருந்துச்சு. இன்னிக்கி ரெண்டுதான் இருக்குது. கால் இஞ்ச் எங்க போச்சு?"

"எண்ணெயில கரைஞ்சிடுச்சு சார்" என்பார் கடைக்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஸ்கேல் சார் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு, எண்ணெயை மாற்றச் சொல்லிவிட்டு வருவார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்கள் நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். மதியம் திரும்பியதும் பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவிட முடியாது. சுவருக்கும் சைலன்சருக்கும் நடுவே ஸ்கேல் நுழைகிறதா என்று பார்ப்பார். நுழையவில்லை என்றால் நான் மறுபடி கீழே வர வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் ஏன் இருந்தாய் என்று கேட்பீர்கள். அம்மா வைக்கும் மீன் குழம்பு மாடிப்படி ஏறி வரும், அதனால் இருந்தேன்.

அம்மா என்பது ஸ்கேல் சாரின் மனைவி. அவருடைய தம்பி பிரான்சில் செட்டில் ஆனவர், அதனால் எங்களுக்கு அவர் பிரான்சு மச்சான். வருடா வருடம் ஆகஸ்டில் வக்கான்ஸ் என்று லீவு போட்டுவிட்டு, சாக்லேட்டும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்குவார். ஒரு வருடம் அக்காவோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லி, நேரு வீதியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஹாலில் வைத்தார். கூடவே அங்கிருந்து கொண்டுவந்த ஒரு கோல்ஃப் விளையாட்டு சிடியையும் போட்டுக் கொடுத்தார். வினை அந்தச் சிடியில்தான் வந்தது.

ஸ்கேல் சார் தன் வாழ்நாளில் கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்தவரில்லை. ஆனாலும் முதல் நாளே பீரோவுக்கு அடியிலிருந்து தன் பழைய ஆபீஸ் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கோல்ஃபை வெறுங்காலோடு ஆடக் கூடாதாம். நடு ஹாலில் ஷூவோடு உட்கார்ந்த புருஷனைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

விளையாட்டு சுலபம்தான். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுபவருக்கு வெற்றி. ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் திரை ஓரத்தில் ஒரு கோடு ஏறத் தொடங்கும். அது வேண்டிய உயரம் வந்ததும் இரண்டாவது தட்டு, அது அடியின் பலம். பிறகு கோடு சரசரவென்று இறங்கி ஒரு வெள்ளைக் குறியைத் தொடும். அந்த நொடியில் மூன்றாவது தட்டு. முந்திவிட்டால் பந்து இடப்பக்கத்து மரக்கூட்டத்துக்குப் போகும், பிந்திவிட்டால் வலப்பக்கத்துக் குளத்துக்குப் போகும். ஸ்கேல் சாரின் பந்து பெரும்பாலும் குளத்துக்குத்தான் போனது.

அவருக்கு ஆடவே வரவில்லை என்றால் விட்டிருப்பார். சிக்கல் என்னவென்றால், ஒரு அடி ராஜா மாதிரி போகும். அடுத்த அடி தவளையைப் பார்க்கப் போய்விடும். அதே விரல், அதே பட்டன், அதே ஆள், ஆனால் அளவு மட்டும் மாறுகிறது! ஸ்கேல் சாரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

முதலில் மானிட்டர் ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டி, ஸ்கேலை வைத்து அதன் மேல் இஞ்ச் இஞ்சாகக் கோடு கிழித்தார். கோடு இத்தனை இஞ்சுக்கு வரும்போது தட்டுவது என்று கணக்கு. கண் இஞ்சைப் படித்து முடிப்பதற்குள் பந்து குளத்தில் இருந்தது. அப்புறம் மூச்சு. இழுக்கும்போது முதல் தட்டு, நிறுத்தி இரண்டாவது, விடும்போது மூன்றாவது. அரை மணி நேரத்தில் தலை சுற்றிச் சோபாவில் சாய்ந்தார். அப்புறம் மின்விசிறி. அது சுற்றும்போது வரும் 'டக்' சத்தத்தை வைத்துத் தாளம் பிடித்தார். வோல்டேஜ் இறங்கினால் விசிறியும் இறங்கும், தாளமும் போய்விடும். உடனே மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

"சார், உங்க வோல்டேஜால என் பந்து தண்ணில வுழுது."

"மோட்டார்ங்களா சார்?"

"இல்லய்யா, கோல்ஃப்பு."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் பின்பாட்டாக அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டே இருக்கும். கேஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும், எதுவானாலும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரே ராகத்தில் முடிப்பார்: "என்னாங்க... காதுல வுழுதா... இல்லியா?" ஸ்கேல் சார் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அடுத்த வருடம் வக்கான்சுக்கு முன்னால் பிரான்சு மச்சான் கம்ப்யூட்டரில் முகம் காட்டி, பிரான்சுக்கு வந்துவிடுங்கள் என்ற பழைய பேச்சை மறுபடி எடுத்தார். "மாமா, அக்காவுக்கு பிரெஞ்சு நாஷனாலிட்டி இருக்குது. எங்கப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு எங்களுக்கு வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான். இங்க ஒரு ரூமு சும்மா கெடக்குது. ரெண்டு பேரும் வந்துடுங்களேன். அங்க ஒக்காந்து வடையத்தான அளக்கறீங்க?"

வடை பேச்சு வந்திருக்கக் கூடாது. ஸ்கேல் சாருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"மச்சான், இந்தத் தடவ வா. ஒம்பது குழி ஆடுவோம். நீ ஜெயிச்சா நான் பொட்டி கட்டறேன். நான் ஜெயிச்சா, இனிமே பிரான்சுங்கற பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

"தக்கோர் மாமா!" என்றார் மச்சான். சரி என்பதற்குப் பிரெஞ்சு. போன வருடம் ஒரு ஆட்டத்தில்கூட அவர் தோற்கவில்லை, ஏன் சொல்ல மாட்டார்?

வீட்டையே கம்ப்யூட்டர் கோல்ஃப்பில் பணயம் வைத்த ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவை இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பிரான்சுக்குப் போக அம்மா துடிக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். "எந்தம்பி ஊர்ல கொசு கெடையாது, சாக்கடை நாத்தம் கெடையாது, கொழாயில எந்நேரமும் தண்ணி. இங்க கெடந்து சாவறேன்" என்று மீன்காரம்மாவிடம்கூடச் சொல்வார்.

அன்று முதல் ஸ்கேல் சார் ஷூவைக் கழற்றியது குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான். நானும் மதியத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் போய்விட்டால் வீடு கைமாறும், மீன் குழம்பு போய்விடும், எனக்கும் கவலை இருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. வாரநாட்களில் ஓரளவு நன்றாக ஆடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயில் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு பந்தைக்கூடக் கரை சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ் சரியில்லை என்றார் அவர். மறுநாள் நான் அவருடைய விரலைக் கவனித்தேன்.

அம்மா "என்னாங்க" என்றார். முதல் தட்டு. "காதுல வுழுதா" என்றார். இரண்டாவது. "இல்லியா" என்றார். மூன்றாவது. பந்து கொடிக்கம்பத்துப் பக்கத்தில் போய் இறங்கியது.

"சார்! அம்மா குரலுக்குத்தான் சார் உங்க விரல் போவுது. அவங்க கத்துனா பந்து நேரா போவுது, கத்தலன்னா குளம். டேப்பும் இல்ல, விசிறியும் இல்ல."

ஸ்கேல் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, படிச்சவன்தான நீ? அவ போடற சத்தம் எங்காதுல வுழறதேயில்ல. வுழாத சத்தத்துக்கு வெரலு எப்புடிய்யா போவும்? இதெல்லாம் அளவு. போய் பைக்க ஒழுங்கா நிறுத்து."

நான் எழுந்தபோது அம்மா அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி நின்றிருந்தார். கேட்டிருப்பாரோ என்னவோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மச்சான் வரும் வாரம், மாடிப்படி அடியில் ஸ்கேல் சார் என்னை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, நான் ஜெயிச்சிட்டா அவ மனசு கஷ்டப்படுமோ? தம்பி கூட இருக்கணும்னு ஆச இருக்குமில்ல?"

"அவங்களையே கேட்டுப் பாருங்களேன் சார்."

"முப்பது வருஷமா கேட்டதில்லய்யா. இப்பப் போயி எப்புடிக் கேக்கறது?" என்று ஸ்கேலை எடுத்துப் படியின் உயரத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். பாவமாக இருந்தது.

மச்சான் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டம். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். தம்பி வீட்டில் இருக்கும் நாட்களில் புருஷனை ஒரு சொல் உரக்கச் சொல்ல மாட்டார். தம்பி எதிரில் மரியாதை குறையக் கூடாது என்று "தண்ணி வேணுங்களா?" என்பதைக்கூட ரகசியம் போலக் கேட்டார். இன்றைக்கென்று பார்த்து வீடு இப்படி அமைதியாக இருக்கிறதே!

நினைத்தபடியே ஆனது. ஸ்கேல் சாரின் முதல் பந்து குளம். இரண்டாவது குழியில் மரக்கூட்டம், பிறகு மறுபடி குளம். நல்லவேளையாக மச்சானும் ஒழுங்காக ஆடவில்லை. சாப்பாட்டோடு குடித்த பீரும் நம் ஊர் வெயிலும் சேர்ந்து அவரைக் கண் சொருக வைத்தன. அவர் பந்தும் நான்கு தடவை தண்ணீர் பார்த்தது. இப்படி இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கெடுத்ததில், எட்டுக் குழி முடிந்தபோது கணக்கு சமமாக நின்றது.

கடைசிக் குழிக்குப் போகும் வழியில் பெரிய குளம், அதைத் தாண்டிக் கொடி. மச்சான் தட்டுத் தடுமாறி நான்கு அடியில் குழியில் போட்டார். "வுவாலா! பாத்தீங்களா மாமா, ஸ்வெட்டர் வாங்கிக்கங்க" என்று சோபாவில் சாய்ந்தார்.

ஸ்கேல் சார் விரலை ஸ்பேஸ் பார் மேல் வைத்தார். எடுத்தார். டேப்பைத் தொட்டுப் பார்த்தார். மூச்சை இழுத்தார். விசிறியைப் பார்த்தார். மறுபடி வைத்தார். நாற்காலிக்கு அடியில் அந்தப் பழைய ஷூ இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இந்த மனுஷன் பிரான்சில் போய் எதை அளப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. பட்டுப்புடவைக் குரல் இல்லை, தினப்படிக் குரல், தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல்.

"என்னாங்க..."

விரல் இறங்கியது. கோடு ஏறியது.

"காதுல வுழுதா..."

தட்டு.

"இல்லியா?"

தட்டு.

பந்து கிளம்பிக் குளத்தைத் தாண்டிப் புல்லில் இறங்கி, உருண்டு, குழியின் ஓரத்தில் போய் நின்றது. ஸ்கேலில் அளந்தால் திரையில் அரை அங்குலம்கூட இருக்காது. மிச்சத்தைச் சின்னப் பிள்ளைகூடத் தட்டிவிடும். ஸ்கேல் சார் தட்டினார். இரண்டே அடியில் பந்து குழியில் விழுந்தது.

மச்சான் திரையைப் பார்க்கவில்லை. அடுப்படியைத்தான் பார்த்தார். "அக்கா, எதுக்குக் கூப்ட்டே இப்ப?"

"ஒண்ணுமில்லடா. சும்மாத்தான்."

"நீ வர்றேன் வர்றேன்னுதான சொல்லிக்கினு இருந்தே?"

"சொல்லுவேன். வாய் இருக்குது, சொல்லுவேன். அங்க வந்து நான் யாரடா கத்தறது? ஜன்னலத் தொறந்து சத்தம் போட்டாலே போலீசு வரும்னு நீதான சொன்னே." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "டீ வைக்கறேன், குடிச்சிட்டுப் படு."

ஸ்கேல் சாருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. டேப்பை மச்சானுக்குக் காட்டி, வெற்றிக்குக் காரணம் அளவுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். சில வருடம் கழித்து ஒரு மதியம் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போய் மேலே ஒரு பழைய லுங்கி போர்த்தியிருந்தது. ஸ்கேல் சார் நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஸ்கேல். என்னைப் பார்த்ததும் அம்மா, விருந்தாளி வந்திருக்கிறான் என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னாங்க... காதுல வுழுதா... இல்லியா?"

அவர் கண் திறக்கவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் அவருடைய விரல் மட்டும் மெதுவாக மூன்று முறை தட்டியது. அவரை எழுப்ப வேண்டாம் என்று அம்மாவுக்குச் சைகை காட்டிவிட்டு, நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.