மெமரி கேட்க ஒரே வழி

"மெமரி கேக்கறதுக்கு எதுக்கு சார் அஞ்சு வழி? இது சிஸ்டமா, சத்திரமா?"

கேட்டவனுக்கு அலுவலகத்தில் 'சுருக்கு' என்று பெயர். எதையும் சுருக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதும் இடம் அது. பிரின்டர், கேமரா, கீபோர்டு என்று ஒவ்வொன்றையும் இயக்க ஒரு டிரைவர் புரோகிராம் உண்டு. அந்த டிரைவர்கள் சிஸ்டத்திடம் மெமரி வாங்க ஐந்து ஃபங்ஷன்கள், அதாவது ஐந்து கட்டளைகள், இருந்தன.

"எவ்வளவு வேணும்னு சொல்லட்டும், குடுத்துடலாம். ஒரு ஃபங்ஷன் போதும் சார்."

மேலதிகாரி மறுக்கவே இல்லை. "தாராளமா செய். சாயங்காலத்துக்குள்ள எல்லா டிரைவரும் ஓடினா, டிரைவர் குழுவுக்கு நீதான் தலைவன். ஓடலைன்னா அந்த நாற்காலியை மறந்துடு."

"சாயங்காலம் எதுக்கு சார்? மத்தியானமே ஜாஸ்தி."

பத்து மணிக்கு ஐந்தும் போய் ஒன்று வந்தது. பத்தேகாலுக்கு நெட்வொர்க்காரர் வந்தார்.

"தம்பி, மெமரி காலி இல்லைன்னா, காலியாகற வரைக்கும் உன் ஃபங்ஷன் தூங்கிடுது. என் கார்டு தூங்கலாமா? மெஷினே நின்னு போச்சு!"

"அவ்வளவுதானே அண்ணே? 'காத்திருக்கலாமா, கூடாதா'ன்னு ஒரு கேள்வி சேத்துடறேன்."

அடுத்து கேமராக்காரம்மா. "ஏம்ப்பா, மெமரியை இங்க கொஞ்சம் அங்க கொஞ்சமா குடுத்திருக்கியே! படத்துல மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம்."

"'ஒரே தொடர்ச்சியா வேணுமா'ன்னும் கேட்டுட்டாப் போச்சு."

பழைய சவுண்ட் கார்டுக்குக் கீழ்க்கோடி மெமரி மட்டும்தான் எட்டுமாம். இன்னொரு கேள்வி. அதற்குள் பிரின்டர்க்காரர் ஒரு தாளோடு ஓடி வந்தார்.

"முன்னாடி இருந்ததைத் துடைக்காமலே மெமரி குடுத்திருக்க. டெஸ்ட் பக்கம் அடிக்கச் சொன்னா, மேலதிகாரியோட லீவு லெட்டர் வருது!"

"அட, நாளைக்கு லீவா அவரு? சரி, 'துடைக்கணுமா'ன்னு ஒண்ணு."

சாப்பாட்டு நேரத்தில் ஃபங்ஷன் ஒன்றுதான். அதை அழைக்க ஐந்து பதில் எழுத வேண்டும். டெஸ்டிங் அக்கா தலையில் கைவைத்தாள்.

"எவ்வளவு வேணும், அப்புறம் ஆமா, இல்ல, இல்ல, ஆமா... ஃபங்ஷனா இது, போலீஸ் விசாரணையா? கீபோர்டுக்காரர் ரெண்டு பதிலை மாத்திப் போட்டுட்டாரு. கீபோர்டு செத்துப் போச்சு. சரி பண்ணலாம்னா, எதை வச்சு டைப் அடிக்கறது?"

சுருக்கு அசரவில்லை. "விடுங்கக்கா. இனி யாரும் பதிலே எழுத வேண்டாம், நானே எழுதி வச்சுடறேன்."

காத்திருக்காத மெமரிக்கு ஒரு குட்டி ஃபங்ஷன். துண்டாகாததற்கு ஒன்று. கீழ்க்கோடிக்கு ஒன்று. துடைத்ததற்கு ஒன்று. இது எதுவும் வேண்டாதவர்களுக்குச் சாதாரணமாய் ஒன்று.

நாலரை மணிக்கு எல்லா டிரைவரும் ஓடின. முகம் முழுமையாய் வந்தது, கீபோர்டு உயிர்த்தது. மேலதிகாரி கைகுலுக்கினார்.

"நாற்காலி உன்னோடது."

"காலையிலேயே சொன்னேனே சார்!"

மிதப்போடு கையேடு எழுதும் பெண்ணின் மேஜைக்குப் போனான். "பழைய அஞ்சையும் அடிச்சுட்டு இதை எழுதும்மா."

அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"பழைய அஞ்சுலயே பேரை மட்டும் மாத்தினாப் போதும்ணா, அந்த நாற்காலிக்கு வந்த எல்லாருமே அஞ்சை ஒண்ணாக்கப் போயி இதே அஞ்சோடதான் திரும்பினாங்க, நம்ம மேலதிகாரிக்கே மூணு நாள் ஆச்சு, நீங்க ஒரே நாள்ல வந்துட்டீங்க!"