மதில் தாண்டிய மரவள்ளிச் சத்து

ஒரு விடுகதை போடுகிறேன். இலையைத் தின்னும், ஆடு இல்லை. தாவிக் குதிக்கும், தவளை இல்லை. எலும்பும் தோலுமாக இருந்த என் மகளைத் தேற்றியது, மருந்தும் இல்லை. அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் தராசு பழுதுபார்ப்பவன். ஊரில் உள்ள தராசுகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆனால் பள்ளிக்கூடத்து நர்ஸம்மா என் மகளைத் தராசில் ஏற்றியபோது, முள் அசையவே சோம்பல்பட்டது. குனிந்து அடிப்பலகையைப் பார்த்தேன்.

"தராசு சரியாத்தான் இருக்கு. பிள்ளைதான் காத்துல பறக்குது. அடுத்த மாசமும் எடை ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன்" என்றார் நர்ஸம்மா.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரி என்றதும் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த நிமிடமே சபதம் செய்தேன்.

வீட்டுக்குப் போய் அறிவித்தேன். "இனிமே பிள்ளைக்கு மரவள்ளிக் கீரைதான்!"

தையல் மெஷின் நின்றது. என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். மெஷின் ஓடும்வரை எனக்குப் பயமில்லை. நின்றால் கேள்வி வரும்.

"கிழங்குதானே தின்பாங்க?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. கிழங்குல வெறும் மாவு. புரதம், இரும்பு, கண்ணுக்கான சத்து எல்லாம் இலையில இருக்கு."

"இலை விஷம்னு சொல்வாங்களே?"

"பச்சையாத் தின்னா விஷம். நல்லா இடிச்சு, மூடி போடாம ரொம்ப நேரம் கொதிக்க வெச்சு, தண்ணியைக் கொட்டிட்டா பயமில்ல. நானே செய்யறேன்."

"பேசாம முட்டை வாங்கிக் குடுக்கலாமே?"

"கொல்லையிலேயே புரதம் காய்ச்சுத் தொங்குது, கடை முட்டை எதுக்கு? நம்ம கொல்லையில விளைஞ்சதுதான் அவளைத் தேத்தணும்."

"நம்ம கொல்லையில விளைஞ்சது. சரி. தேறலைன்னா?"

"செடியை எல்லாம் பிடுங்கிட்டு, துணி காயப்போட நீ கேட்ட கொடியைக் கட்டித் தர்றேன்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"நான் தராசுக்காரன்!"

கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு அவள் சிரித்தாள். அளவு எடுத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக்குப் போனால், எனக்கு முன்னே வெட்டுக்கிளிகள் பந்தி உட்கார்ந்திருந்தன. இடிக்கவில்லை, கொதிக்க வைக்கவில்லை. பச்சையாகவே மென்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் மகளைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அடைத்தேன். நசுக்க மனம் வரவில்லை.

"குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி.

டப்பா காலியாகத் திரும்பி வந்தது. தினமும் அப்படித்தான். வெட்டுக்கிளி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று எந்தக் கணவன் கேட்டிருக்கிறான்?

இடித்தேன். கொதிக்க வைத்தேன். கொட்டினேன். தாளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்தால் கீரைச் சட்டி வழித்துத் துடைத்ததுபோல் இருக்கும். மகள் கன்னத்தில் மெல்லச் சதை பிடித்தது. என் தலையில் மெல்லக் கனம் ஏறியது.

அடுத்த மாதம் நர்ஸம்மாவின் தராசு முள் துள்ளி ஏறியது. "இனி ஆஸ்பத்திரி வேண்டாம். அப்படி என்ன குடுத்தீங்க?" என்றார். வரிசையில் நின்ற தாய்மார்களுக்கும் சேர்த்து மரவள்ளி இலையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். மகள் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிக் களிப்பில் பூச்சி மருந்தும் தெளிப்பானும் வாங்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனேன்.

"என்னங்க, பிள்ளை தின்கிற இலையில விஷத்தை அடிக்கவா போறீங்க?" என்று ஓடி வந்தாள் மனைவி.

"பூச்சி தின்றதை வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

அப்போது மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கும் அக்கா. தெருவுக்கே அவர் கோழியக்கா.

"ஐயையோ தம்பி, அடிச்சிடாதீங்க! என் கோழிங்க பட்டினி கிடக்கும்!"

"என் செடிக்கும் உங்க கோழிக்கும் என்னக்கா சம்பந்தம்?"

கோழியக்கா என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"ஒரு டப்பா வெட்டுக்கிளி குடுத்தா ஒரு முட்டைன்னு பேச்சு. தம்பிக்குத் தெரியாதாம்மா?"

தெளிப்பான் என் கையிலிருந்து நழுவியது.

"நம்ம கொல்லையில விளைஞ்சதுதான் தேத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி. "வெட்டுக்கிளி நம்ம கொல்லையில விளைஞ்சது. நம்ம இலையைத் தின்னு வளந்தது. கோழி சும்மா நடுவுல நின்னுச்சு, அவ்வளவுதான்."

"அப்ப... என் கீரை?"

அவள் குரல் தணிந்தது. "பிள்ளைக்கு ஒரு வாய்கூட இறங்கலைங்க. அப்பாகிட்ட சொல்லிடாதேன்னு அழுதா. நீங்க விடியக்காலம் எழுந்து உரல்ல இடிச்சதைக் குப்பையில கொட்ட எனக்கு மனசு வரலை. நான்தான் தின்னேன்."

"தினமுமா?"

"தினமும். ரவிக்கையெல்லாம் பிரிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சு. சத்துதாங்க. நீங்க சொன்னது பொய் இல்ல."

நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் அவள் தொடர்ந்தாள். "பிள்ளையைத் தேத்தினது கீரை இல்லைன்னு ஆயிடுச்சு. அந்த மருந்தைக் கடையில திருப்பிக் குடுத்துட்டுக் கொடிக்கயிறு வாங்கிட்டு வாங்க. செடியைப் பிடுங்க வேண்டாம். முட்டை நின்னுடும்."

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. உப்பு, காரம் எல்லாம் அளந்து போட்டு, புதிதாக ஒரு சட்டி கீரை செய்தேன். ஒரு கிண்ணத்தில் கீரை, ஒரு கிண்ணத்தில் அவித்த முட்டை. இரண்டையும் மகள் முன்னால் வைத்தேன்.

"அப்பா கோவிச்சுக்க மாட்டேன்டா தங்கம். உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ."

மகள் முட்டையைத் தின்றாள். கீரையைக் கொண்டுபோய் வெட்டுக்கிளிகளுக்கு வைத்தாள்.